ஆரம்பாக்கத்தில் எழுப்ப வேண்டாம்

மாதா துணை
ஆரம்பாக்கம்
9-3-2025, ஞாயிறு

தோணி,

நானும் கிரேசும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை. அதனால் கேட்கிறேன்.

உனக்குக் காகிதம் எழுதி மூன்று மாதம் ஆகப் போகிறது. அரிசி அளக்கும்போதெல்லாம் கை தானாக டப்பாவின் அடிவரைக்கும் போய் வருகிறது. அரிசிதான் இருக்கிறது. நேற்று கிரேஸ் பார்த்துவிட்டு, "இன்னாம்மா தேடிக்கினு கீற, டம்ளரு வெளியதான கீது" என்றாள். ஆமாம்டி என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

உன்னை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள் கம்பி மில்லிலிருந்து ஒரு சார் வந்தார். ஆப்பிள் பழம் கொண்டு வந்தார். "ரயில்ல நடந்ததும்மா, மில்லுக்குள்ள நடக்கல. அதுவும் இல்லாம அவரு நாளைக்கு ஒரு ஷிப்டுதான் பாத்தாருன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். துக்க வீட்டில் சிரித்தவள் என்று பக்கத்து வீட்டு ஞானம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

பங்குச் சாமியார் சொல்லி, கும்மிடிப்பூண்டி பஜாரில் மாடியில் இருக்கிற வக்கீல் இளமதி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். "ரெண்டு ஷிப்டு பார்த்தார்னு எழுத்துல எதுவாவது இருக்கா?" என்று கேட்டார். எங்கள் காகிதம்தான் இருக்கிறது என்றேன். என்ன காகிதம் என்றார். புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அரிசி டப்பா வழியாகக் குடும்பம் நடத்தினதைச் சொன்னேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கிக் கொண்டு வாருங்கள் என்றார்.

பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். இரண்டு காகிதத்தை மட்டும் எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். ஒன்று நான் எழுதினது. இன்னொன்று அதற்கு நீ எழுதின பதில். அதைக் கொடுக்க மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

முதலிலிருந்து படிக்கிறேன். நீயும் கூட உட்கார்.

உன் சுக்கு


மாதா துணை
12-8-2024

தோணி,

நான் சுகம். உன் சுகம் அறிய ஆசை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிற புருசன் பெண்டாட்டி இந்தத் திருவள்ளூர் ஜில்லாவில் நாம் மட்டும்தான் இருக்கும்.

நான் காலையில் ஆறேகாலுக்கு பாட்டில் மூடி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது நீ மில்லை விட்டு வெளியே வருகிறாய். ராத்திரி ஏழு மணிக்கு நான் வந்து செருப்பைக் கழற்றும்போது நீ மில்லுக்குள் நிற்கிறாய். போன் பண்ணலாம் என்றால் இரண்டு இடத்திலும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கெஞ்சி வாங்கிப் பேசலாம். நீ அப்போதுதான் கண் அசருவாய், மனசு வரவில்லை.

அதனால் கிரேசின் ரஃப் நோட்டில் கிழித்து எழுதுகிறேன். வந்ததும் உலை வைக்க அரிசி எடுப்பாய், கண்ணில் படும். நாலு பேர் முன்னால் உன்னைத் தோணி என்று கூப்பிட மாட்டேன். காகிதத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போகிறவன் ராத்திரி பத்துக்கு வர வேண்டியதுதானே. ஏன் தினமும் விடிகாலை ஆறு வரைக்கும்? அந்த மில்லில் வேறு ஆம்பளையே இல்லையா? இதற்குப் பதில் எழுது. குழம்பு சட்டியில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு.

சுகிர்தா


13-8-2024

அன்புள்ள சுக்குக்கு,

நலம். நீ தலையணையில் விட்டுப் போன முடி ஒன்றும் நலம். இப்போதைக்கு என் குடும்பம் அதுதான்.

கேட்டதற்குப் பதில். பர்னஸ் உலை வாயில் என் இடத்தில் இன்னொருவன் வந்து நின்றால்தான் நான் நகரலாம். இரும்பு காத்திருக்காது. அந்த இன்னொருவன், என் ரிலீவர், ரகு. அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்ததிலிருந்து வருவதில்லை. அவனுக்குப் பதில் வந்தவனுக்குக் கை நடுங்குகிறது, வேலையை விட்டே நின்றுவிட்டான். ஒருவன் படுத்தால் அடுத்தவன் இரண்டு மடங்கு நிற்கிறான். பிறகு அவன் படுக்கிறான். இப்போது நிற்கிறவன் நான். ரிஜிஸ்டரில் ஒரு ஷிப்டுதான் எழுதுவார்கள். மற்றதற்குத் துண்டுச் சீட்டு, அதையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "நாளிக்கி ஆள் வந்துருவாம்பா" என்றார். அவர் மூன்று மாதமாகச் சொல்கிற நாளைக்கு எந்த நாள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு ரயிலில் ஒரு கனவு. சிவந்த கம்பியெல்லாம் உருளையை விட்டு வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, எளாவூர் வயலுக்குள் இறங்கிப் போயிற்று. போகப் போகக் குளிர்ந்து விலாங்கு மீனாகிவிட்டது. நான் முட்டிவரைக்கும் சேற்றில் நின்று ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுக்கிறேன். ஒன்றும் சுடவில்லை.

குழம்பில் உப்பு சரி.

அந்தோணி


மாதா துணை
21-9-2024

தோணி,

நானும் பிள்ளையும் சுகம். உன் உடம்பைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது.

போன ஞாயிறு முழுக்கத் தூங்கினாய். நானும் கிரேசும் உன் பக்கத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டோம். வாரம் ஒரு நாள் அப்பாவோடு சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உன் மூச்சு விட்டு விட்டு வருவதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நீ நம் சாவியை வைத்து ஞானம்மா வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தாயாம். "உன் ஊட்டுக்காரு குட்ச்சிட்டு வந்துட்டாருடி" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் குடிக்க மாட்டார், தூக்கம்தான் என்றேன். "தூக்கத்துக்கா ஒரு ஆம்பள இப்டி தள்ளாடுவான்?" என்கிறாள்.

சோற்றில் சர்க்கரை போட்டிருந்தாய். உப்பு என்று நினைத்திருப்பாய். நான் சாப்பிட்டுவிட்டேன்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு நாள் லீவு போடு. எனக்காக.

சுகிர்தா


3-10-2024

அன்புள்ள சுக்குக்கு,

நலம். பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. தினமும் பேனாவை எடுத்தேன். எழுந்து பார்த்தால் பேனா மூடாமல் பாயில் கிடக்கும், உன் பேரின் முதல் எழுத்து மட்டும் காகிதத்தில் இருக்கும். நாலு 'சு' சேர்ந்திருக்கிறது. எறியாமல் வைத்திருக்கிறேன்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "நீ போனா யார்ரா நிப்பா?" என்றார். நியாயமான கேள்வி. குப்புராஜ்தான் நிற்க வேண்டும். அவனுக்கும் இரண்டு பிள்ளை.

நெஞ்சில் கொஞ்சம் வாயு. சோடா குடித்தால் இறங்கிவிடுகிறது. அதற்கெல்லாம் ஆஸ்பத்திரி எதற்கு.

இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்குவது ரயிலில்தான். வீட்டில் படுத்தால் உருளைச் சத்தம் காதுக்குள் ஓடுகிறது. வண்டி ஆடினால் அது அடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியில் ஏறி உட்கார்ந்த உடனே ஒரு கனவு வருகிறது, தினமும் அதே கனவு. நான் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் தட்டுகிறேன். நீ உள்ளேதான் இருக்கிறாய், வருகிற சத்தம் கேட்கிறது. தாழ்ப்பாளில் கை வைக்கிறாய். அந்த நேரம் பார்த்துக் கூட வருகிற குப்புராஜ் என் தொடையில் ஒரு தட்டு தட்டி "ஆரம்பாக்கம்டா, எந்திரி" என்கிறான். கால் மணி நேரத்துக்கு மேல் ஆண்டவர் கொடுப்பதில்லை. கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.

அவனும் நல்லதுக்குத்தான் எழுப்புகிறான்.

அந்தோணி


மாதா துணை
10-11-2024, ஞாயிறு

தோணி,

நான் சுகம். இன்றைக்கும் உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிறும் போய்விட்டது.

பூசை முடிந்து வரும்போது ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் குப்புராஜ் அண்ணன் நின்றிருந்தார். அவருக்கு இன்றைக்கு ஓய்வு. நேராகப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, நாளையிலேர்ந்து அவர ஆரம்பாக்கத்துல எழுப்பாதீங்க."

"இன்னா தங்கச்சி, சூளூர்பேட்ட போயி தெலுங்கு கத்துக்கினு வரட்டும்ன்றியா?"

"கடைசி ஸ்டேஷன்தானே, போயிட்டு அதே வண்டியில திரும்பி வரட்டும். எட்டு, எட்டே காலுக்கு எறங்கினா போதும். அந்த ஒரு மணி நேரம் தூங்கட்டும்ணே."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கூட வர்றவன எறக்காம நான் மட்டும் எறங்குனா, மனசு ஒரு மாதிரி இருக்கும் தங்கச்சி" என்றார். நான்தான் வற்புறுத்தினேன். கடைசியில் சரி என்றார்.

சீசன் டிக்கெட்டைச் சூளூர்பேட்டை வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறேன், டப்பாவுக்கு அடியில் பார். திரும்பி வரும்போது நம் ஊரைத் தாண்டிவிடாமல் இருக்கப் போனில் எட்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொள். உனக்கு வேறு என்ன வாங்கிக் கொடுக்க என்னால் முடியும். கதவு திறக்கிறவரைக்கும் தூங்கு.

உன் சுக்கு


19-11-2024

என் சுக்குக்கு,

நலமோ நலம். ஒரு வாரமாக நான் சூளூர்பேட்டைக்காரன்.

இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாயா, வழவழவென்று இருக்கிறது. நேற்று ஷிப்டு முடிந்ததும் எங்களை வீட்டுக்கு விடாமல் மேலே ஏ.சி. ரூமில் உட்கார வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு சார் வந்து திரையில் படம் போட்டுக் காட்டினார். தொழிலாளி மனசு களைத்துப் போனால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று. கண் சொருகி வீணாக்கின கம்பி இத்தனை டன். லீவு போட்டவர்கள் இத்தனை பேர். வேலையை விட்டு ஓடினவர்கள் இத்தனை, புது ஆளைப் பழக்கின செலவு இத்தனை. போன மூன்று மாதத்தில் எங்கள் பிரிவில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு டபுள் ஷிப்டு என்று அதிலேயே போட்டிருக்கிறது. ரிஜிஸ்டரில் இல்லாதது படத்தில் இருக்கிறது.

அந்த ஏ.சி.க்கு நாங்கள் பதினேழு பேரும் தூங்கிவிட்டோம். பதினாறு மணி நேரம் நின்ற கால். சார் எழுப்பவில்லை, நல்ல மனுசன். கடைசியில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். மேலே கம்பெனி முத்திரை, கீழே அவர்கள் கணக்கு. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, உனக்கு ஆயிற்று.

நீ சொன்னபடி குப்புராஜ் எழுப்புவதில்லை. என் காலைத் தாண்டிப் பூனை மாதிரி இறங்கிப் போகிறானாம், எதிர் சீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். முந்தாநாள் தடா தாண்டி ஒரு நிமிடம் முழிப்பு வந்தது. எட்டத்தில் தண்ணீர் ஓரமாக, ரோஸ் கலரில் ஒரு கோடு. பூநாரை. எல்லாம் ஒற்றைக் காலில் நின்று தூங்குகின்றன. இவற்றுக்கு ரிலீவர் யார் என்று யோசித்துக்கொண்டே திரும்பத் தூங்கிவிட்டேன். கனவா நிஜமா என்று இன்னும் சந்தேகம். ஒரு நாள் உன்னையும் கிரேசையும் கூட்டிப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடித்தவள் நீ.

அந்தோணி


11-12-2024

சுக்குக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கிரேசுக்கு நட்சத்திரம் இந்த வருசம் நான்தான் கட்டுவேன் என்று சொல்.

வாயு கொஞ்சம் தோள்பட்டைக்கு ஏறியிருக்கிறது. சோடா வாங்கி வைக்காதே, வரும்போது குடித்துவிட்டு வருகிறேன்.

இன்றைக்குக் கனவில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும்.

அந்தோணி


மாதா துணை
22-3-2025

தோணி,

நாங்கள் சுகம். கிரேசுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

நீ கடைசிக் காகிதம் எழுதின மறுநாளைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். வண்டி நம் ஊரைத் தாண்டிச் சூளூர்பேட்டை போயிற்று. திரும்பி வந்து மறுபடியும் நம் ஊரைத் தாண்டிப் போயிற்று. எட்டு மணிக்கு உன் சட்டைப் பையில் அலாரம் அடித்ததாம். நின்று நின்று திரும்பத் திரும்ப அடித்ததாம். பாவம் அசந்து தூங்குகிறான் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்களாம். பொன்னேரி வந்தபோது காலேஜுக்குப் போகிற ஒரு பெண்தான் பொறுக்க முடியாமல் உன் தோளைத் தொட்டிருக்கிறாள். அதே நேரம் நான் மூடி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நீ இந்நேரம் உலை வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரத்தை ஒரே வரியில் எழுதிவிட்டார்.

இன்றைக்கு வக்கீல் அம்மாவிடம் காகிதங்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா பொண்டாட்டிக்கு எழுதினத வச்சு ரெண்டு ஷிப்டுன்னு நம்ப மாட்டாங்க. கம்பெனி கைப்பட ஒரே ஒரு தாள் இருந்தாப் போதும்" என்றார். தலையணை உறைக்குள் அதுதான் கிடக்கிறது, முத்திரையோடு. பின்பக்கம், 'நீ சொன்னபடி குப்புராஜ் எழுப்புவதில்லை' என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு தாளில் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் கொடுப்பது.

அந்த அம்மா விவரமானவர். "அக்டோபர் மூணுக்கு அப்புறம் டிசம்பர் பதினொண்ணு. நடுவுல எழுதிக்கவே இல்லியா?" என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். உன் காகிதங்களுக்கு நடுவில் நின்று பொய் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. குப்புராஜ் அண்ணனை ஊரே பேசுகிறது. "கூடவே வந்தவன். ஒரு தட்டு தட்டியிருந்தா அவன் பொயச்சிருப்பான். காலத் தாண்டிக்கினு எறங்கிப் போயிருக்கான் பாரு" என்று ஞானம்மா என்னிடமே சொல்கிறாள், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. மில்லிலும் அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். அவர் ரயிலையே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறார். நான் சொல்லித்தான் எழுப்பவில்லை என்று இதுவரைக்கும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் சொல்லவில்லை.

நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்க மாட்டேன். நீ என்ன செய்வாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

சுக்கு


அம்மன் துணை
6-4-2025

தங்கச்சி சுகிர்தாவுக்கு குப்புராஜ் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் நலம். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். நேரில் வர முகமில்லை, அதனால் குழந்தையிடம் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் தள்ளிப் படி.

தொழிலாளர் ஆபீசில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்பார்கள். நானாகத்தான் எழுப்பவில்லை என்று சொல்வேன். நீ பயப்படாதே. டீக்கடையில் நாம் பேசினது அங்கேயே முடிந்தது. நீ பொம்பளைப் பிள்ளை வைத்திருக்கிறவள், ஊர் வாய் உன் மேல் விழக் கூடாது. எனக்குப் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ராத்திரி பகல் எந்நேரமும் அதுதான். அன்றைக்கு ஆரம்பாக்கம் வந்தபோது நான் எழுந்து அவனைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் தலை சாய்த்திருந்தான். வாயில் சிரிப்பு மாதிரி இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள் தங்கச்சி? சிரிக்கிறான், நல்ல கனவு போல என்று நினைத்துக் காலைத் தாண்டிப் போனேன்.

இப்போது பர்னஸ் வாயில் அவன் இடத்தில் நான்தான் நிற்கிறேன். வாரத்துக்கு நாலு நாள் ரெண்டு ஷிப்டு. ரிஜிஸ்டரில் ஒன்று.

இப்படிக்கு
குப்புராஜ்


மாதா துணை
15-6-2025, ஞாயிறு

தோணி,

நாங்கள் சுகம். மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை மாற்ற வேண்டும். கிரேஸ் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். புது ரஃப் நோட்டில் அவளிடம் கேட்டுக் கிழித்த முதல் தாள் இது.

குப்புராஜ் அண்ணன் காகிதத்தை இரண்டு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிதான் என்னை உலுக்கியது. அவருக்கும் யாரோ ஒருத்தி வீட்டில் அரிசி அளந்துகொண்டிருப்பாள்.

வியாழக்கிழமை விசாரணை. தொழிலாளர் ஆபீஸ் படியேறும் முன் தலையணை உறையைப் பிரித்து இரண்டு தாளையும் வக்கீல் அம்மா கையில் கொடுத்தேன். முதலில் முத்திரைப் பக்கத்தைப் பார்த்து, "இத்தன நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்றார். திருப்பிப் படித்தார். பிறகு நான் எழுதினதைப் படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போனார்.

குப்புராஜ் அண்ணன் சாட்சிக் கூண்டு மாதிரி ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்று, "நானாத்தான் எழுப்பல சார்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்து, "இல்ல சார், நான்தான் எழுப்ப வேணாம்னேன்" என்றேன். அவர் திரும்பி, "தங்கச்சி, நீ கம்னு குந்து" என்று அதட்டினார். அதிகாரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தாளை வாங்கினார்.

முன்பக்கம் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு என்கிற இடத்தில் விரலை வைத்து, மில்லுக்காக வந்த வக்கீலைப் பார்த்து, "இது உங்க முத்திரைதானே?" என்றார். அந்த வக்கீல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினார். "சார், எழுப்ப வேணாம்னு மனைவியே சொல்லியிருக்காங்க. எழுப்பியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் ஆறு மாதமாக எனக்குள் சொல்லிக்கொண்டதையே கோட்டு போட்ட இன்னொருவர் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"தூக்கம் வேற எங்கயும் கெடைக்கல சார். மில்லுல தர மாட்டேன்னாங்க. ஊட்ல வர மாட்டேன்னுது. ரயில்ல மட்டும்தான் இருந்துச்சு. அத கொஞ்சம் நீட்டலாம்னு பாத்தேன்."

அவர் அதை எழுதச் சொன்னார். நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றார். உண்மையான ஷிப்டுக் கணக்கை அடுத்த தேதிக்குள் கொண்டு வர வேண்டும் என்று மில்லுக்கு உத்தரவு போட்டார். இது பெரிய விஷயம் என்று இளமதி அம்மா சொல்கிறார். இருக்கட்டும். சாயங்காலமே ஊருக்குள் தெரிந்துவிட்டது. ஞானம்மா இரண்டு நாளாக என் வீட்டுப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட வைப்பதில்லை. குப்புராஜ் அண்ணனிடம் போய், "டீ குடிக்கிறியாப்பா" என்று கேட்டாளாம். அது போதும் எனக்கு.

திரும்பும்போது அவரும் நானும் ஒரே வண்டியில் வந்தோம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் ரயில் ஏறுகிறார். உட்காரவே இல்லை. பெட்டியில் யார் கண் மூடியிருந்தாலும் பக்கத்தில் போய், "ஏம்பா, எந்த ஊரு, எறங்கணுமா?" என்று தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவன் கோபப்பட்டுத் திட்டினான். திட்டுவதைக் கேட்டு அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஆரம்பாக்கம் வந்தது. நான் இறங்கவில்லை. "இன்னா தங்கச்சி?" என்றார். சூளூர்பேட்டை வரைக்கும் போய் வருகிறேன் என்றேன். அவரும் இறங்கவில்லை. தடா தாண்டி ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். பறவை இல்லை. அது இந்த மாதத்தில் வராதாம். தண்ணீர் வற்றி, தரை உப்பாக வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

எனக்கும் அந்தக் கனவு வந்தது. நான் வீட்டுக்குள் இருக்கிறேன். வெளியே நீ தட்டுகிறாய். சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். தாழ்ப்பாளை எடுக்கிறேன். "ஆரம்பாக்கம் தங்கச்சி, எந்திரி" என்று அண்ணன் என் தோளைத் தொட்டுவிட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் எழுதவில்லை, அதிகாரி கேட்கவில்லை, அண்ணனுக்குத் தெரியவில்லை. இதையும் அரிசிக்குள்தான் வைக்கிறேன். கதவு திறந்ததா என்று கூட நான் கேட்கவில்லை. அவர் உன் காலைத் தாண்டி இறங்கினாரே, அப்போது நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாயா, தோணி?